கேட்டை இருந்தபடியே விடவும்

எர்ன் கிரேடியும் அவர் மனைவி டல்சியும் மேற்குக் கடலைப் பார்க்கப் போவதற்கு நாற்பது வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டே பருவம்; ஜனவரியில் கோடை, ஜூலையில் குளிர். குளிர்காலத்தில் தேசத்தைக் குறுக்கே கடந்து வண்டி ஓட்டலாம். ஆனால் மாடு மடக்குவது, சூடு போடுவது, வேலி கட்டுவது எல்லாம் அப்போதுதான். கோடையில் வேலை கிடையாது; ஆனால் புத்தியுள்ளவர்கள் கோடையில் வண்டியை எடுப்பதில்லை. போகக்கூடிய நாளில் நேரமில்லை, நேரமிருக்கிற நாளில் போகக்கூடாது. இப்படியே மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, அந்த மேற்குக் கடற்கரையிலேயே ஜெரால்டன் என்ற ஊரில் குடியும் போய்விட்டாள். இவர்கள் இன்னும் வரைபடத்தை மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

எங்கள் கோடையைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் எர்னைக் கேட்க வேண்டும். ஒரு ஜனவரியில் வேலிக் கம்பி சூட்டில் நீண்டு தொங்கி, தொங்கி நீண்டு, பண்ணையின் எல்லை பக்கத்துப் பண்ணைக்குள் அரை மைல் போய்விட்டது என்பார். ஜூலையில் கம்பி சுருங்கியதும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அந்த ஆறு மாதம் அங்கே மேய்ந்த மாடுகளின் பெயர்களைக்கூட வரிசையாகச் சொல்வார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது.

முப்பது வருடம் அவர் நாய்வேலியில் ஓட்டை அடைக்கும் வேலை பார்த்தவர். வடக்கே திரியும் காட்டுநாய்கள் தெற்கே ஆட்டுப் பண்ணைகளுக்குள் புகாமலிருக்க, தேசத்தின் குறுக்கே ஓடுகிற வேலி அது. ஒரு கிழட்டுக் காட்டுநாய் தன்னிடம் நன்றாகப் பழகி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே வந்து சொல்லிவிடும் என்பார். ஓட்டையே இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் பிழைப்புப் போய்விடும் என்று அதற்குப் புரிந்திருந்ததாம்.

இதெல்லாம் விளையாட்டுப் பொய். நிஜப் பொய் சொல்ல நேர்ந்தால் மட்டும் எர்னின் கை தானாக இடது காதுக்குப் போய்விடும். சொறிய ஆரம்பிப்பார். டல்சி அதைக் கல்யாணமான வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. இப்படி ஒரு சௌகரியத்தை எந்த மனைவி சொல்லிக் கெடுத்துக்கொள்வாள்? பல வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், இரண்டு கிளாஸ் ஒயினுக்குப் பிறகுதான் ஊருக்கே சொன்னாள்.

போன நவம்பரில் துணி காயப்போடப் போன டல்சி திரும்பி வரவில்லை. அவர்களுடைய நாய்தான் கண்டுபிடித்தது. நாயின் பெயர் மேயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா இடத்திலும் வந்து முன்னால் நிற்பதால் அந்தப் பெயர். செருப்பில்லாமல், கையில் துணிக் கிளிப் டப்பாவோடு, டல்சி வேலியோரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தாள். பாதம் இரண்டும் கொப்புளம். "எங்க போற டல்ஸ்?" என்று எர்ன் கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்? நீதான வழி சொல்லணும்," என்றாள்.

டீ குடித்தாளா என்பது அவளுக்கு நினைவிருக்காது. கெட்டிலை ஃப்ரிட்ஜில் வைப்பாள். சில நாள் எர்னை "தம்பி" என்று கூப்பிட்டு, வீட்டுக்காரர் வேலியிலிருந்து வரும் நேரமாயிற்று, நீ கிளம்பு என்பாள். மறுநாளே கண்ணாடி துடைத்தது போலத் தெளிந்து, அவர் மீசையில் ஒட்டிய ஜாமைப் பற்றிக் கிண்டல் செய்வாள். எது எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது.

ஜனவரி முதல் வாரத்தில் மகள் ஜெனின் போன் செய்தாள்.

"அப்பா, இங்க மறதி வந்தவங்களப் பாத்துக்கற இல்லத்துல ஒரு எடம் காலியாயிருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் நமக்காக வச்சிருப்பாங்களாம்."

அந்த மாதிரி இல்லத்தில் இடம் எப்படிக் காலியாகும் என்று எர்னுக்குத் தெரியும். "இங்கயே பக்கத்துல எதுவும் கிடைக்காதாம்மா?" என்றார்.

"உங்களுக்குப் பக்கத்துல என்னப்பா இருக்கு?"

நியாயமான கேள்வி. எர்ன் யோசித்துப் பார்த்தார். பக்கத்தில் மேயர் இருந்தது.

"நீங்களும் வந்துருங்கப்பா. எங்கயாவது படுத்துக்கலாம்."

மகளின் வீட்டில் சோபா வரைக்கும் ஆள் இருந்தது. அது மட்டுமல்ல. வடக்கு மேய்ச்சலில் மிச்சமிருக்கும் தாய்மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பை எர்ன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருந்த வீடு அந்த வேலையோடு ஒட்டியது. டல்சியை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய செலவும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். அவள் அங்கே இருக்க வேண்டுமென்றால் அவர் இங்கே இருந்தாக வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அப்படியேதான் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். நான்கு மூலையிலும் சர்க்கரை டின், தேயிலை டின், ஜாம் பாட்டில், மேயரின் தட்டு.

"டல்ஸ், கடலுக்குப் போறோம்."

டல்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "கோடைலயா? உனக்குப் பைத்தியமா?"

"நாப்பது வருஷமா குளிர்காலத்துல போகப் பாத்தோம். முடியலையே."

அவள் சிரித்தாள். விரல் வரைபடத்தில் இறங்கியது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவள், போகாத ஒரு பாதையை அங்குலம் அங்குலமாக அறிந்து வைத்திருந்தாள்.

"வெளிச்சம் வந்தப்பறம்தான் கிளம்பணும். இருட்டுல கங்காரு வந்து முட்டும். வெயில் ஏறினதும் நிப்பாட்டிடணும். மேற்க பாத்துப் போறோம், மத்தியானத்துக்கு மேல சூரியன் கண்ணுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். செடூனால மீன் வாங்கறோம். அப்பறம் நல்லார்போர், மரமே இல்லாத வெட்டவெளி."

"அங்க நிழலுக்கு என்ன பண்றது?"

"வண்டிக்கடியில படுக்கணும்."

"படுத்துடறேன்."

"படுத்துருவ. உன் முட்டிய வச்சுக்கிட்டு வெளிய எப்படி வருவ? உன்ன அங்கயே விட்டுட்டு நான் வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன்." அவள் விரல் எல்லைக் கோட்டில் நின்றது. "இங்க செக்போஸ்ட். பூச்சி வந்துரும்னு பழம், தேன் எல்லாம் புடுங்கிக்குவான். அதுக்குள்ள தின்னு தீத்துடணும்."

"ஒரு பாட்டில் தேனையுமா?"

"அந்த நேரத்துக்காவது உன் வாய் ஒட்டிக்கிட்டு இருக்கும். தேசத்துக்கே நல்லது."

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு அரை கேன், மேயருக்குத் தனி. ஸ்பேர் டயர் இரண்டு. ஃபேன் பெல்ட். முன்பக்கம் தொங்கவிடக் கித்தான் தண்ணீர்ப் பை. ஓடுகிற காற்றில் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். ஒவ்வொன்றாக அவள்தான் சொன்னாள். எர்ன் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் மூளை இவ்வளவு பளபளவென்று இருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இப்படி ஏமாற்றுகிறோமே என்றும் இருந்தது.

"எப்ப திரும்பி வர்றோம்?" என்றாள் டல்சி.

"மழை பேஞ்சதும்," என்றார் எர்ன். கை காதுக்குப் போயிருந்தது.

டல்சி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வரைபடத்தின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

டயர் வாங்க நொலீன் கடைக்குப் போனார்கள். டீசல், பீர், டயர், படுக்கை, தபால் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே கடை அதுதான். வீட்டிலிருந்து தார் ரோடு வரை மண் பாதை. வழியில் பதினோரு கேட். கடைசிக் கேட் நாய்வேலியில் இருப்பது.

கேட் விஷயத்தில் எங்களிடம் இரண்டே சட்டம். ஓட்டுகிறவர் இறங்குவதில்லை, பக்கத்துச் சீட்டில் இருப்பவர்தான் இறங்கிச் சங்கிலியைக் கழற்றி, கேட்டைத் திறந்து, வண்டி போனதும் மூடிவிட்டு வந்து ஏற வேண்டும். பிஷப்பாக இருந்தாலும் பக்கத்துச் சீட்டு என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். இரண்டாவது சட்டம், கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்ததைத் திறந்து போட்டுவிட்டுப் போனவனோடு யாரும் பீர் குடிப்பதில்லை.

நாற்பத்தெட்டு வருடமாக அந்தச் சீட்டு டல்சியுடையது. சங்கிலியை இரண்டு முறுக்கு முறுக்கி மாட்டி, இடுப்பால் கேட்டை ஒரு இடி இடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். ஒருமுறை நில அளவைக்காரன் ஒருவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனான். டல்சி குதிரையில் துரத்திப் பிடித்து, அவனைத் திரும்பக் கூட்டி வந்து, மூட வைத்து, பிறகு உட்காரவைத்து டீயும் கேக்கும் கொடுத்தாள். எர்ன் இந்தக் கதையைச் சொல்லும்போது அளவைக்காரனின் வண்டியைக் குதிரை முந்திவிடும், மற்றபடி உண்மைதான்.

அன்றைக்கும் பதினோரு கேட்டிலும் இறங்கினாள், திறந்தாள், மூடினாள், இடித்துப் பார்த்தாள்.

"மாடே இல்லாத மேய்ச்சலுக்கு இத்தனை கேட்டு எதுக்கு எர்ன்?" என்றாள் ஒருமுறை ஏறும்போது. மூன்று வருடமாக மழையில்லை. தெற்குப் பக்கத்து மாடுகளையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேலிக்குள் வேலியாக வெறும் மண்தான் அடைபட்டுக் கிடந்தது.

"மண்ணு ஓடிப் போயிரக் கூடாதுல்ல," என்றார் எர்ன்.

நொலீன் கடையில் ஃபேனுக்கடியில் டல்சியை உட்காரவைத்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பண்ணை மேனேஜர் புளூவும் அங்கே இருந்தான். தலைமுடி நெருப்பு மாதிரி சிவப்பு என்பதால் புளூ, அதாவது நீலம்; எங்கள் பக்கத்துக் கேலி அப்படி.

"ஜனவரில நல்லார்போரா?" என்றான் புளூ. "கெழவா, தற்கொலை பண்ணிக்கணும்னா இங்கயே பண்ணிக்க. டீசல் மிச்சம்."

"உன் மூஞ்சிய ரெண்டு வாரம் பாக்காம இருக்கத்தான் போறேன். பம்ப்ப ஒழுங்கா பாத்துக்க. நீ கை வச்சாலே அது அழுவுது."

"அது சந்தோஷத்துல அழுவுது. ஒரு இளமையான கை பட்டுச்சேன்னு."

நொலீன் துடைத்த கையோடு வந்தாள். கோடையில் எங்கள் பக்கத்திலிருந்து யார் நெடுந்தூரம் கிளம்பினாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொன்ன நாளில் தகவல் வராவிட்டால் அவள் ஆட்களைத் தேடக் கிளப்பிவிடுவாள். எழுதி வைக்க மாட்டாள், எல்லாம் தலைக்குள். வழக்கமாகக் கேட்பதை வழக்கமான பெரிய குரலில் கேட்டாள்.

"எந்த வழி?"

எர்ன் சொன்னார்.

"போறது எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு, ஒரு நாய்."

"வர்றது?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எர்ன் வாயைத் திறந்தார். பொய்யாவது வரும் என்று பார்த்தார், அதுவும் வரவில்லை. கை மட்டும் காதைப் போய்ப் பிடித்துக்கொண்டது. நொலீன் அந்தக் கையைப் பார்த்தாள்; அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து அவள் கடையில்தான் நடந்தது. ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் போய் இன்னொரு ஐஸ்கிரீமை எடுத்து வந்து டல்சியின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு ஏற்கெனவே ஒண்ணு குடுத்தியே," என்றாள் டல்சி.

"அப்படியா? மறந்துட்டேன்டி," என்றாள் நொலீன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் எர்ன் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். வீட்டு வாசல் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, திறந்து, ஏறி, ஓட்டி, இறங்கி, மூடி, மறுபடி ஏறினார். முட்டி கத்தியது. ஒரு கேட்டுக்கு இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டும் என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றாத விஷயம். சங்கிலியில் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுத்துப் பார்த்தார். கேட் அசையவில்லை, கயிறுதான் அவரை இழுத்தது. கடைசியில் மேயரை இறக்கிவிட்டு, சங்கிலியைக் காட்டி, "தொற," என்றார். மேயர் கேட்டின் முன்னால் போய் நின்று, திறப்பு விழாவுக்கு வந்தது போல் நாலு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

திரும்பினால் டல்சி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"என்ன பண்ற?"

"உடம்புக்கு நல்லதாம். டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"மாட்டு டாக்டர்."

அவள் சிரிக்கவில்லை. "முட்டி வீங்கிரும் எர்ன்," என்றாள். "உள்ள வா." அவ்வளவுதான். டீ போடும்போது இதை மறந்திருப்பாள் என்று எர்ன் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கமாகவும் இருந்தது.

விடியற்காலை கிளம்பினார்கள். டல்சி நல்ல உடையை உடுத்தி, தொப்பி போட்டு, பக்கத்துச் சீட்டில் ஏறினாள். மேயர் பின்னால் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவில். வீட்டை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் கேட்டில் இறங்கிச் சங்கிலியைக் கழற்றினாள். கேட்டை அகலத் திறந்து, பின்னால் கொண்டுபோய் வேலியோடு சேர்த்து நிறுத்தினாள். எர்ன் வண்டியைத் தாண்டி ஓட்டி நிறுத்தினார். டல்சி நடந்து வந்து ஏறினாள், கதவைச் சாத்தினாள்.

கண்ணாடியில் கேட் பப்பரப்பா என்று திறந்து கிடந்தது.

"டல்ஸ், கேட்டு."

"என்ன கேட்டு?" அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எர்ன் இறங்கினார். நொண்டிக்கொண்டு போய் மூடி, சங்கிலியை மாட்டிவிட்டு வந்தார். இரண்டாவது கேட்டிலும் அப்படியே. மூன்றாவதிலும். ஒவ்வொன்றையும் அவள் அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லைக்கூடத் தேடி முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் அவர் இறங்கிப் போய், கல்லைத் தள்ளி, மூடினார்.

ஐந்தாவது கேட்டில், "விடு எர்ன், மாடா இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும். பழக்கம்," என்றார்.

அவர் மூடப் போகும்போதெல்லாம் அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வேறு பக்கம் பார்த்தாள். அளவைக்காரனைக் குதிரையில் துரத்தியவள் கேட்டை மறந்துவிட்டாள். பெயர்களை மறந்தபோது, அவரையே மறந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. ஜெனின் சொன்னது சரிதான் என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பினார். பத்தாவது கேட்டை மூடிவிட்டு, சங்கிலியைப் பிடித்தபடி, அவளுக்கு முகம் தெரியாத பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "தூசி," என்றார்.

பதினோராவது, நாய்வேலிக் கேட். டல்சி இறங்கித் திறந்தாள். வண்டி தாண்டியது. அவள் கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலியை இரண்டு முறுக்கு முறுக்கி மாட்டி, இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள்.

"நல்லா மூடிட்டியா?" என்றார் எர்ன், நெஞ்சு லேசாகி.

"நாய் வந்துரும்ல," என்றாள் டல்சி.

பயணம் திட்டப்படியே போயிற்று. செடூனாவில் மீன் தின்றார்கள். வெட்டவெளியில் வண்டிக்கடியில் படுத்தார்கள். எர்னை வெளியே எடுக்க டல்சி ஒரு காலையும் மேயர் ஒரு சட்டைக் கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எல்லைக்கு முன்னால் மிச்சத் தேனை இரண்டு பேரும் ஒரே ஸ்பூனில் மாற்றி மாற்றித் தின்றார்கள். ஒருநாள் காலையில் மட்டும் அவள், "தம்பி, நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்றாள். "கடலுக்கு," என்றார் எர்ன். "எங்க வீட்டுக்காரர்கூட என்னக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. பொய் சொல்றதுதான் அவருக்கு வேலை. ஆனா இதுக்குக் கூட்டிட்டுப் போவாரு," என்றாள்.

கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் வரை தண்ணீரில் நின்றாள். "இவ்வளவு தண்ணிய இங்க வீணா வச்சிருக்கானுங்க," என்றாள். எங்கள் பக்கத்துக்காரர்கள் வேறென்ன சொல்வார்கள்.

டல்சியைச் சேர்த்த அந்த இல்லத்தின் வாசல் கதவில் எண் பலகை இருந்தது. நர்ஸ் எண்களைத் தட்டினால் திறக்கும், விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். மூன்று நாள் எர்ன் போய் வந்துகொண்டிருந்தார். நான்காம் நாள் அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதாகத் திட்டம். கை காதுக்குப் போயிற்று.

டல்சி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "வெயில் ஏறுது, கிளம்பு," என்றாள். "போறப்ப அந்தக் கேட்ட மூடிட்டுப் போ. தொறந்து போட்டுட்டுப் போற பழக்கம் நம்ம வீட்ல கெடையாது."

கதவு அவருக்குப் பின்னால் தானாகவே மூடிக்கொண்டது. மூடுவதற்குக்கூட அங்கே அவருக்கு வேலை வைக்கவில்லை.

திரும்பும் வழியில் மேயர் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார், எர்னும் தூக்கினார். அவள் சொன்ன அந்தக் கடைசிப் பேச்சு அவர் தலைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே வந்தது. திறந்து போடும் பழக்கம் கிடையாது என்றாளே, அப்புறம் எப்படி?

நொலீன் கடையில் நிறுத்தி, வந்துவிட்டேன் என்று சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டி, டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

நாய்வேலிக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினார். பம்பைப் பார்க்க வரும் புளூவுக்கு வடக்கே வேறு வழி; அவர்கள் போன பிறகு இந்தப் பாதையில் யாரும் வரவில்லை. சங்கிலியில் டல்சி முறுக்கிய இரண்டு முறுக்கும் அப்படியே இருந்தன. எர்ன் அதை அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற கேட்டையெல்லாம் மறந்தவள் இந்த ஒன்றை மட்டும் எப்படி மறக்கவில்லை? நோய்க்கு எந்தக் கேட் எது என்று தெரியாது. இது திறந்து கிடந்தால் காட்டுநாய் ஆட்டுக்குள் புகுந்துவிடும். மற்ற பத்துக் கேட்டுக்கும் பின்னால் மாடு இல்லை, மண்தான். அவை திறந்து கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முட்டி சரியில்லாமல் தனியாகத் திரும்பி வருகிற ஒரு ஆளுக்கு லாபம்.

கல்லை வேறு முட்டுக்கொடுத்திருந்தாள்.

தொட்டி நிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். அல்லது அதற்கும் முன்பே, வரைபடத்தின் மடிப்பை நீவியபோதே தெரிந்தவள். ஆறு நாள் வழியெல்லாம் சிரித்து, தேன் தின்று, ஒரு வார்த்தை கேட்காமல், கூடவே வந்தாள்.

எர்ன் வண்டியை உள்ளே விட்டு, நாய்வேலியை மூடி, அவள் போட்ட மாதிரியே இரண்டு முறுக்குப் போட்டார். பத்தாவது கேட்டுக்கு வந்தார். அது மூடியிருந்தது. அவரே மூடியது. பக்கத்தில், அவரே காலால் தள்ளிவிட்ட கல்.

இறங்கினார். திறந்தார். ஏறினார். தாண்டினார். மூடுவதற்கு மறுபடி இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனார். அவள் விட்டபடியே விடுவதென்றால் அப்படித்தான் விட வேண்டும். ஆனால் திறப்பதற்கு ஒவ்வொன்றிலும் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒன்பது, எட்டு, ஏழு. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஐந்தாவதில், விடு எர்ன் என்று அவள் சொன்ன இடத்தில், முட்டி மடங்காமல் போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேயர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றது. ஒரு வேலையும் செய்யவில்லை. நின்றது.

வீட்டுக்குள் போய் உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்றை முட்டியில் கட்டிக்கொண்டு ஜெனினுக்குப் போன் செய்தார். "நான் இப்ப இல்லத்துலதான் இருக்கேன், அம்மா பக்கத்துல இருக்கா. இன்னிக்குத் தெளிவா இருக்கா, பேசுங்க," என்று மகள் போனைக் கொடுத்தாள்.

"போய்ச் சேந்தியா?" என்றாள் டல்சி.

"சேந்துட்டேன்."

"முட்டி?"

எத்தனையோ கதை சொன்ன மனிதர். நீண்டுபோன வேலி, வேலைக்கு வந்த காட்டுநாய். அதையெல்லாம் யாரும் நம்ப வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"முட்டிக்கென்ன," என்றார் எர்ன். "நாய்வேலிக்கு மட்டுந்தான் எறங்கினேன். மத்ததெல்லாம் அகலத் தொறந்தே கெடந்துச்சு டல்ஸ். கல்லு கூட முட்டுக்குடுத்து வச்சிருந்துச்சு. உக்காந்த எடத்துலேர்ந்து அசையாம, மகாராஜா மாதிரி வந்து சேந்தேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீதான எறங்கி எறங்கி மூடின?" என்றாள்.

"மூடற மாதிரி போனேன். கல்ல எடுக்கவே இல்ல. நீதான் வேற பக்கம் பாத்துட்டு இருந்தியே."

"நாய்வேலிய மூடிட்டு வந்தியா?"

"ரெண்டு முறுக்கு."

"சரி," என்றாள் டல்சி. பிறகு, ஒரு பெரிய வேலை முடிந்தவள் போல மூச்சு விட்டாள். "அப்ப சரி."

எர்ன் போனை வைத்தார். இடது காது எரிந்தது. நகம் பட்டு ரத்தமே வந்திருந்தது. தெரிந்தவரை, போன் வழியாக அதைப் பார்க்க டல்சியாலும் முடியாது.